கடல் கடந்த தொண்டு: ஒரு பார்வை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

"இரண்டு வாரம் வெளிநாட்டில் தொண்டு செய்யுங்கள். காலையில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பியுங்கள். மாலையில் அவர்களோடு விளையாடுங்கள். வார இறுதியில் வனவிலங்குப் பூங்காவைக் கண்டு மகிழுங்கள். திரும்பும்போது சான்றிதழ் பெறுங்கள்." இப்பொருள்பட அமைந்த அழைப்புகள் இன்று கல்லூரி மாணவர்களின் கைப்பேசிகளுக்கு ஓயாமல் வந்து கொண்டிருக்கின்றன. முன்பு மேலைநாட்டு இளைஞர்களுக்கே உரியதாக இருந்த இப்பழக்கம் இப்போது நம் நாட்டுப் பெருநகர மாணவர்களிடமும் பரவி வருகிறது. நாளை விருத்தாசலத்துக்கும் பெண்ணாடத்துக்கும் வந்து சேரும்.

கேட்பதற்கு எல்லாம் நல்லவையே. குழந்தை, யானை, கடல் பயணம், தொண்டு ஆகிய நான்கில் எதை வேண்டாம் என்போம்? ஆயினும் இத்தொண்டினால் உண்மையில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வியை எழுப்பிப் பார்ப்பது நம் கடமையாகும். சென்று வருபவர் மகிழ்கிறார். அவர் விட்டு வந்த குழந்தைக்கு என்ன ஆகிறது? இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொண்டர் படைகளின் தோற்றம்

நாடு விட்டு நாடு சென்று தொண்டு செய்யும் வழக்கம் போரின் அழிவிலிருந்து பிறந்தது. முதல் உலகப் போர் முடிந்தபின், 1920-ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் பியர் செரசோல் என்பவர் பிரான்சில் வெர்தூன் அருகே போரில் தரைமட்டமான ஒரு சிற்றூரைக் கட்டி எழுப்பச் சிறு குழுவோடு சென்றார். நேற்று வரை பகைவராக இருந்த நாடுகளின் மக்கள் ஒன்றாக மண் சுமந்தால் பகை மறையும் என்பது அவருடைய நம்பிக்கை. 1934 சனவரி 15-ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அவ்வாண்டே செரசோல் இந்தியாவுக்கு வந்தார். வீடிழந்த மக்களுக்குப் புது ஊர்கள் அமைக்கும் பணியில் மண்வெட்டியோடு இறங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் வந்து அப்பணியைத் தொடர்ந்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1958-இல், இங்கிலாந்தில் அலெக் டிக்சனும் அவர் துணைவியார் மோராவும் கடல் கடந்த தன்னார்வத் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினர். முதலில் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களையே அனுப்பினர். காலப்போக்கில் அந்நிறுவனம் தொழிற்பயிற்சியும் அனுபவமும் உடையவர்களை நாடத் தொடங்கியது. 1961-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி 'அமைதிப் படை'யை அமைத்தார். அப்படையினர் செல்லும் நாட்டின் மொழியைக் கற்று, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அங்கேயே தங்கிப் பணியாற்றினர். இந்தியாவில் அவர்கள் 1961 முதல் 1976 வரை பணிபுரிந்தனர்.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, முன்னோடிகள் குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யச் சென்றனர். வேலை முடிந்ததும் வீடும் சாலையும் அங்கே நின்றன. மற்றொன்று, மக்களோடு பழகும் பணிக்குச் சென்றவர்கள் மொழி கற்றனர், நெடுநாள் தங்கினர். இன்றைய இரண்டு வாரத் தொண்டில் இவ்விரண்டும் இல்லை. வேலை, சிறு குழந்தைகளிடம் அன்பு காட்டுவது. காலமோ பதினான்கு நாள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இலங்கையின் இரண்டு யானை இல்லங்கள்

நம் மாவட்டத்தாருக்கு மிக அருகில் உள்ள வெளிநாடு இலங்கை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. விருத்தாசலத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் தொலைவைவிட நாகைக்குச் செல்லும் தொலைவு குறைவு. குழந்தைகளோடு தொண்டு, வார இறுதியில் யானைகள் என்ற ஏற்பாட்டுக்கு இலங்கை பெயர் பெற்ற இடமும் ஆகும். ஆகவே இலங்கையையே எடுத்துக் கொள்வோம். முதலில் யானையைப் பார்த்துவிட்டுப் பிறகு குழந்தைக்கு வருவோம். நான் விலங்கியல் மாணவி என்பதால் மட்டும் இந்த வரிசையை எடுக்கவில்லை. குழந்தையைப் பற்றிய ஓர் உண்மையை யானைக் கன்று மிக எளிதாக விளக்குகிறது.

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் வழியில், கேகாலை மாவட்டத்தில், பின்னவலை என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள யானைகள் அனாதை இல்லம் உலகப் புகழ் பெற்றது. தாயை இழந்த கன்றுகளைக் காப்பதற்காக இலங்கை வனவிலங்குத் துறை 1975-இல் இதனைத் தொடங்கியது. 1978-இல் தேசிய விலங்கியல் பூங்காத் துறை இதன் பொறுப்பை ஏற்றது. 1984-இல் இங்கு முதல் கன்று பிறந்தது. 2021 ஆகஸ்டில் இரட்டைக் கன்றுகள் பிறந்ததைச் செய்தித்தாள்கள் வியந்து எழுதின. நாள்தோறும் யானைக் கூட்டம் ஊர்த்தெருவைக் கடந்து மகா ஓயா ஆற்றுக்கு நீராடச் செல்லும் காட்சியைக் காண வெளிநாட்டவர் திரண்டு வருகின்றனர். கன்றுகளுக்குப் புட்டியில் பால் புகட்டுவதும் இவ்வில்லத்தின் புகழுக்கு ஒரு காரணமாகும்.

இன்னோர் இல்லம் தென்னிலங்கையில் உடவளவையில் உள்ளது. 1972-இல் அறிவிக்கப்பட்ட உடவளவைத் தேசியப் பூங்காவை ஒட்டி, 1995-இல் வனவிலங்குத் துறை இதனை நிறுவியது. இதன் பெயரில் 'அனாதை இல்லம்' என்ற சொல் இல்லை. யானைக் கன்றுகளின் 'இடைத்தங்கல் இல்லம்' என்றே இதனை அழைக்கின்றனர். சிங்களப் பெயர் 'எத் அத்துரு செவன'. கிணற்றிலும் குழியிலும் விழுந்து மீட்கப்பட்டவை, துப்பாக்கிச் சூட்டில் தாயை இழந்தவை எனப் பல கன்றுகள் இங்கு வந்து சேர்கின்றன. இரவும் பகலும் மூன்று மணிக்கு ஒருமுறை அவற்றுக்குப் பால் தரப்படுகிறது.

ஆனால் பார்வையாளர் எவரும் கன்றைத் தொட முடியாது. தொலைவில் அமைந்த மேடையிலிருந்து பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும் பார்க்கலாம். பால் குடித்து முடித்ததும் கன்றுகள் மீண்டும் புதர்க்காட்டுக்குள் சென்றுவிடும். பணியாளர்களும் தேவைக்கு மேல் அவற்றோடு பழகுவதில்லை. கன்றுகள் ஒன்றோடொன்று கூடி ஒரு கூட்டமாக வளர வேண்டும் என்பதே அங்குள்ள விதி. ஏறத்தாழ ஐந்து வயதானதும் அக்கூட்டத்தைக் கூட்டமாகவே காட்டில் விடுகின்றனர். 1998-இல் முதல் கூட்டம் விடப்பட்டது. இதுவரை நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் காடு திரும்பியுள்ளன.

இரண்டு இல்லங்களும் இரக்கத்தில் தோன்றியவையே. பின்னவலை இல்லையேல் அங்குள்ள பல கன்றுகள் உயிர் பிழைத்திரா. ஆயினும் விளைவு வேறுபடுகிறது. பின்னவலைக் கன்று மனிதனோடு பழகிப் பெரும்பாலும் மனிதனிடமே தங்கிவிட்டது. உடவளவைக் கன்று யானையாகவே வளர்ந்து காடு சேர்ந்தது. முதல் இடத்தில் வருபவருக்கு மகிழ்ச்சி மிகுதி. கன்றைத் தடவலாம், படம் எடுக்கலாம். இரண்டாம் இடத்தில் வருபவருக்கு மகிழ்ச்சி குறைவு. கன்றுக்கு நன்மை மிகுதி. பிறருக்கு நன்மை செய்ய வேண்டுமானால் சில வேளைகளில் நம் கையை நாமே கட்டிக் கொள்ள வேண்டும் என்ற பாடத்தை உடவளவை நமக்குக் கற்பிக்கிறது.

கன்றின் மனமும் குழந்தையின் மனமும்

இதன் காரணத்தை அறிவியல் வழியில் காண்போம். பறவைக் குஞ்சுகள் பொரித்ததும் முதலில் காணும் அசையும் உருவத்தையே தாயாகக் கொண்டு பின்தொடர்வதை ஆஸ்திரிய அறிஞர் கான்ராட் லாரென்ஸ் விரிவாக ஆராய்ந்தார். அவர் பின்னால் வாத்துக் குஞ்சுகள் வரிசையாக நடந்து செல்லும் படத்தை நம் பாடநூல்களில் கண்டிருப்பீர்கள். 1973-இல் அவர் மற்ற இருவரோடு நோபல் பரிசு பெற்றார். யானைக் கன்று வாத்துக் குஞ்சைப் போன்றதன்று. அதன் உறவு ஒரே நாளில் பதிவதில்லை. மெல்ல மெல்ல வளர்வது. ஏறத்தாழ 22 மாதம் கருவில் இருந்து பிறக்கும் கன்றைத் தாய் மட்டும் வளர்ப்பதில்லை. கூட்டத்தில் உள்ள பெரியம்மா, சித்தி, அக்கா முறையான யானைகள் எல்லாம் சேர்ந்து வளர்க்கின்றன. கன்றுக்கு வேண்டியது பால் மட்டுமன்று, மாறாத முகங்கள்.

மனிதக் குழந்தைக்கும் இதுவே பொருந்தும். இரண்டாம் உலகப் போரில் தாயைப் பிரிந்த குழந்தைகளைப் பற்றி ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி உலகச் சுகாதார நிறுவனத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார். 1951-இல் வெளிவந்த அவ்வறிக்கை, உணவும் உடையும் குறைவின்றிக் கிடைத்தாலும், ஒருவரிடம் தொடர்ந்து அன்பு பெறாத குழந்தையின் மனவளர்ச்சி தடைப்படும் என்பதை எடுத்துரைத்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், ருமேனியாவின் தலைநகர் புகாரெஸ்டில், அமெரிக்க ஆய்வாளர்கள் இல்லங்களில் வாழ்ந்த 136 குழந்தைகளைத் தெரிந்தெடுத்து ஓர் ஆய்வைத் தொடங்கினர். பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். குடும்பம் கிடைத்த குழந்தைகள் அறிவிலும் பிறரோடு உறவு கொள்ளும் திறனிலும் முன்னேறினர். இரண்டு வயதுக்குள் குடும்பம் சேர்ந்தவர்களிடம் முன்னேற்றம் மிகுதியாகக் காணப்பட்டது.

இப்போது இரண்டு வாரத் தொண்டரை நினைத்துப் பாருங்கள். அவர் நல்லவர், அன்பு உடையவர். இல்லத்துக் குழந்தை முதல் நாளே ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக் கொள்கிறது. மடியில் ஏறி அமர்கிறது. "எவ்வளவு பாசம்!" என்று அவர் உருகுகிறார். ஆனால் முன்பின் அறியாத எவரிடமும் உடனே ஒட்டிக் கொள்வது நலமான குழந்தையின் இயல்பு அன்று என்கின்றனர் மனநல அறிஞர்கள். நம் வீட்டுக் குழந்தை புதியவரைக் கண்டால் தாயின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்து கொள்ளும். ஓடி ஒளிய ஒரு முந்தானை இல்லாத குழந்தைதான் வருவோர் எல்லார் கையையும் பற்றுகிறது. பதினைந்தாம் நாள் அந்தக் கை போய்விடுகிறது. அடுத்த திங்கட்கிழமை வேறொரு கை வருகிறது. தமிழிலும் அக்கா, சிங்களத்திலும் அக்கா. ஓராண்டில் அக்குழந்தைக்கு எத்தனை அக்காக்கள்! ஒவ்வோர் அக்காவும் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்திலிருந்தே பாடத்தைத் தொடங்குவார். குழந்தை கடைசி எழுத்தை எட்டுவதற்குள் அக்கா விமானம் ஏறிவிடுவார்.

இல்லங்கள் பெருகுவது ஏன்?

இதனினும் கவலை தரும் செய்தி ஒன்று உண்டு. அனாதை இல்லம் என்றால் தாய் தந்தை இல்லாத குழந்தைகள் வாழும் இடம் என்றே நாம் கருதுகிறோம். பல நாடுகளில் நிலைமை அவ்வாறு இல்லை. கம்போடியாவில் 2005 முதல் 2010 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் குழந்தை இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்தது. அக்காலத்தில் அந்நாட்டில் போரும் இல்லை, பஞ்சமும் இல்லை. உயர்ந்தது வெளிநாட்டுப் பயணிகளின் வருகையே. இல்லக் குழந்தைகளில் நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தது 2011-இல் வெளிவந்த ஆய்வில் தெரிய வந்தது. ஆழிப்பேரலைக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் இல்லங்களில் சேர்க்கப்பட்ட குழந்தைகளிலும் மிகப் பெரும்பாலோரைக் குடும்பத்தாரே கொண்டுவந்து சேர்த்திருந்தனர். பிள்ளைக்குப் படிப்புக் கிடைக்கும் என்பதே காரணம்.

இதன் பொருளாதாரம் எளிதானது. தொண்டர் கட்டணம் செலுத்துகிறார். அவருக்குக் காட்டக் குழந்தைகள் வேண்டும். குழந்தைகள் இருந்தால்தான் கட்டணம் வரும். எனவே ஏழைப் பெற்றோரிடம் சென்று, "உங்கள் பிள்ளையைப் படிக்க வைக்கிறோம், அனுப்புங்கள்" என்று கேட்பவர்கள் தோன்றுகின்றனர். எல்லா இல்லங்களும் இப்படிப்பட்டவை அல்ல. தன்னலமின்றிக் குழந்தைகளைக் காப்பவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கின்றனர். ஆனால் வருபவரின் ஆசையே தேவையை உருவாக்கும் நிலை ஏற்பட்டதால்தான், 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தன் குழந்தை உரிமைத் தீர்மானத்தில், அனாதை இல்லங்களை மையமாகக் கொண்ட தொண்டும் சுற்றுலாவும் குழந்தைகளுக்குத் தீங்கு விளைவிக்காமல் தடுக்குமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக் கொண்டது.

ஏழைக் குடும்பத்துப் பெற்றோர் கல்விக்காகப் பிள்ளையைப் பிரியவும் துணிவர் என்பது நம்மில் பலருக்கு ஏட்டுச் செய்தி அன்று. என் தந்தையார் கரும்பு வெட்டும் தொழிலாளி. தாயார் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். நான் ஆறாம் வகுப்புக்குச் செல்லும்போது, வெளியூரில் உள்ள ஏதாவது ஒரு விடுதியில் என்னைச் சேர்த்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. பெண்ணாடத்திலேயே பள்ளி இருந்ததால் அந்தப் பேச்சு நின்றது. பக்கத்தில் பள்ளி இருப்பதுதான் ஏழைக் குழந்தைக்கு மிகப் பெரிய பாதுகாப்பு என்பதை நான் அவ்வாறு அறிந்தேன்.

நம் அருகில் கண்டவை

வருவோரும் போவோரும் நம் ஊர்களிலும் உண்டு. நான் நான்காம் வகுப்புப் படித்தபோது எங்கள் பள்ளிக்கு நகரத்திலிருந்து ஒரு குழுவினர் மூன்று நாள் வந்திருந்தனர். பாட்டுக் கற்பித்தனர், பென்சிலும் நோட்டும் வழங்கினர், எங்களை நிறுத்திப் படம் எடுத்தனர். "அடுத்த மாதம் படத்தைக் கொண்டு வருவோம்" என்று சொல்லிச் சென்றனர். என் பக்கத்தில் அமரும் தோழி அந்தப் படத்துக்காக அரையாண்டுத் தேர்வு வரை காத்திருந்தாள். வாசலில் எந்த வண்டி நின்றாலும் எழுந்து பார்ப்பாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். அதே ஆண்டில் எங்கள் தெருவில் ஓர் அக்கா, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர், மாலைதோறும் தம் வீட்டுத் திண்ணையில் எங்கள் நால்வருக்கு வாய்பாடு சொல்லிக் கொடுத்தார். எவரும் அவரைப் படம் எடுக்கவில்லை. அந்த நால்வரில் மூவர் இன்று கல்லூரியில் படிக்கிறோம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நம் கடலூர் மாவட்டக் கரையையும் நாகைக் கரையையும் சூறையாடியது. அப்போது உலகின் பல பகுதிகளிலிருந்தும் தொண்டர்கள் வந்தனர், வீடு கட்டினர், படகு வாங்கித் தந்தனர். அவ்வுதவியை மறத்தல் தகாது. ஆனால் பெற்றோரை இழந்த குழந்தைகளின் வரலாற்றில் நெஞ்சில் நிற்பது வேறொரு செய்தி. ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகை மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பேற்ற திரு. ஜெ. இராதாகிருஷ்ணன் அவர்கள், அரசு இல்லத்தில் சேர்க்கப்பட்ட குழந்தைகளைத் தம் மனைவியாரோடு சென்று கண்டு வந்தார். மாறுதலாகிச் சென்ற பின்னும் அத்தொடர்பை விடவில்லை. அன்று குழந்தையாக மீட்கப்பட்ட ஒரு பெண்ணின் திருமணத்தை 2022-இல் அவரே முன்நின்று நடத்தி வைத்தார். இடையில் கழிந்தவை பதினேழு ஆண்டுகள். அக்குழந்தைக்குக் கிடைத்த மிகப் பெரிய கொடை அந்தப் பதினேழு ஆண்டுகளே என்பேன்.

யானைக்கும் நம் நாட்டில் சான்று உண்டு. முதுமலை தெப்பக்காடு முகாமில் தாயற்ற கன்றுகளை வளர்த்த பொம்மன், பெள்ளி இணையரைப் பற்றிய ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் விருது பெற்றதை அனைவரும் அறிவோம். அவர்கள் காட்டின் பிள்ளைகள். கன்றோடு உண்டு, கன்றோடு உறங்கி, நோயில் கண் விழித்தனர். வளர்ந்தபின் ரகு என்னும் அந்த யானையை வேறு பாகர்களிடம் ஒப்படைக்க நேர்ந்தபோது அவர்கள் பட்ட துயரத்தைப் படத்தில் கண்டோம். அன்பு அவ்வளவு எடை உள்ளது. கட்டணம் செலுத்தி இரண்டு வாரத்துக்கு வாடகையாக எடுத்துக் கொள்ளத் தக்க பொருள் அன்று.

அப்படியானால் வெளிநாடு செல்லலாகாதா?

செல்லலாம், செல்லவும் வேண்டும். கிணற்றுத் தவளையாக இருக்க எவரும் விரும்பார். ஆனால் சுற்றுலாவைச் சுற்றுலா என்றே சொல்லிச் செல்வது நேர்மையாகும். உடவளவைக்குச் சென்று மேடையில் நின்று கன்றுகளைக் காண்பதில் எந்தத் தீங்கும் இல்லை. அங்கே செலுத்தும் கட்டணம் அந்நாட்டுக்குப் பயனும் தரும். தொண்டு என்ற பெயரில் செல்ல விரும்புவோர் மட்டும் புறப்படுமுன் கீழ்க்கண்ட கேள்விகளைக் கேட்டுக் கொள்வது நன்று.

1. நான் செய்யப் போகும் வேலையைச் செய்ய உள்ளூரில் ஆள் இல்லையா? இருந்தால் என் பயணச் செலவில் அவருக்கு எத்தனை மாத ஊதியம் கொடுக்கலாம்?

2. அவ்வேலையில் எனக்குப் பயிற்சி உண்டா? சொந்த ஊரில் பாடம் நடத்தத் தகுதி இல்லாத ஒருவர் கடலைக் கடந்ததும் ஆசிரியர் ஆகிவிடுவாரா?

3. குழந்தைகளை அணுகுமுன் என்னைப் பற்றி விசாரிக்கிறார்களா? எவரையும் விசாரிக்காமல் உள்ளே விடும் இல்லம் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் பாதுகாப்பானது அன்று.

4. நான் திரும்பிய பின் என் பணி தொடருமா, என்னோடு முடியுமா?

5. விலங்கைத் தொடவும், குளிப்பாட்டவும், அதன்மேல் ஏறவும் விடுகிறார்களா? விட்டால், அவ்விலங்கு மீண்டும் காட்டுக்குப் போகப் போவதில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

6. நான் பெறும் விசா இப்பணியை அனுமதிக்கிறதா? சுற்றுலா விசாவில் சென்று பணி செய்வதைப் பல நாடுகளின் சட்டம் ஏற்பதில்லை.

நெடுங்காலம் தங்கக் கூடிய ஆசிரியர், மருத்துவர், பொறியாளர் ஆகியோருக்கு இக்கேள்விகளுக்கு நல்ல விடை கிடைக்கும். அவர்களின் கடல் கடந்த தொண்டு போற்றத் தக்கது. பட்டமும் பயிற்சியும் பெற்றபின் நம்மில் சிலர் அவ்வாறு செல்வோமானால் அதைவிடப் பெருமை வேறு இல்லை.

நம்மால் ஆவது

இன்றைக்கு நம்மால் ஆவது என்ன? காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக் கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்டது. இத்திட்டத்தில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு வார வெளிநாட்டுத் தொண்டில் வேலை நாள்கள் பத்து. நாளுக்கு ஐந்து மணி என்றால் மொத்தம் 50 மணி. நம் 240 மணியோ மாலைக்கு இரண்டு மணியாக 120 மாலைகள். விளம்பரங்கள் கேட்கும் தொகை என் தந்தையார் ஒரு கரும்புப் பருவம் முழுவதும் உழைத்துப் பெறுவதைவிட அதிகம். நம் 120 மாலைகளுக்குக் கட்டணம் ஏதும் இல்லை.

அந்த 120 மாலைகளைப் புதர் வெட்டவும் வெள்ளை அடிக்கவும் மட்டும் செலவிடாமல், ஒரே ஊரில், அதே குழந்தைகளோடு, அதே மாணவர்கள் செலவிட்டால் என்ன? பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபின், 2021-இல், தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியபோது அந்தந்தக் குடியிருப்பில் வாழும் தன்னார்வலர்களையே தேர்ந்தெடுத்தது. அதன் பயன் இதில்தான் இருந்தது: பாடம் சொல்லும் அக்கா மறுநாளும் அதே தெருவில் தண்ணீர்க் குடத்தோடு எதிரே வருவார்.

வனவிலங்குப் பூங்காவும் நமக்கு எட்டாத ஒன்றன்று. அரியலூர் மாவட்டத்தில் உள்ள கரைவெட்டிப் பறவைகள் காப்பகம் 2024 சனவரியில் பன்னாட்டுச் சிறப்புமிக்க ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் அந்த ஏரியில் தங்குகின்றன. வெளிநாட்டு விருந்தினரைக் காண நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. அவர்களே நம் வாயிலுக்கு வருகின்றனர். சற்றுத் தொலைவு செல்ல முடிந்தால் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா உள்ளது. 1855-இல் சென்னையில் தொடங்கி, 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்ட இப்பூங்கா இந்தியாவின் மிகப் பழைய விலங்குக் காட்சிச்சாலையின் வழி வந்ததாகும். நம் ஊர்க் குழந்தைகளில் பலர் இவ்விரண்டையும் கண்டதில்லை. ஆண்டு முழுவதும் பாடம் சொல்லிக் கொடுத்த அண்ணன்மாரும் அக்காமாரும் மார்கழியில் ஒரு நாள் அவர்களைக் கரைவெட்டிக்கு அழைத்துச் சென்று, கரையில் நின்று, சத்தம் போடாமல் பறவை பார்க்கக் கற்றுக் கொடுத்தால், குழந்தைத் தொண்டும் வனவிலங்கும் ஒரே நாளில் கைகூடும். விலங்கியல் மாணவர் பறவையின் பெயரைச் சொல்லலாம். தாவரவியல் மாணவர் கரையிலுள்ள மரத்தைக் காட்டலாம். வரலாற்று மாணவர் ஏரி வெட்டிய காலத்தைப் பற்றிப் பேசலாம். நம் பேராசிரியப் பெருமக்களும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களும் இதனை வரும் கல்வியாண்டிலேயே எண்ணிப் பார்க்க வேண்டுமென்று பணிவோடு கேட்டுக் கொள்கிறேன்.

முடிவுரை

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்பது நம் பாட்டிமார் மொழி. அதில் 'ஊட்டி' என்பதோடு நில்லாமல் 'வளர்த்தால்' என்றும் சேர்த்திருக்கின்றனர். ஒரு வேளை ஊட்டுவது எவருக்கும் எளிது. வளர்ப்பதற்கு நாள் வேண்டும். தொண்டின் அளவுகோல் செய்தவரின் உள்ளம் எவ்வளவு உருகியது என்பதன்று. அவர் போன பிறகு அங்கே என்ன நிற்கிறது என்பதே. செரசோல் போனபின் பீகாரில் வீடுகள் நின்றன. உடவளவைப் பணியாளர் கையை எடுத்தபின் காட்டில் யானைகள் நின்றன. எங்கள் தெரு அக்கா மணமாகி வேற்றூர் போனபின் எங்களுக்கு வாய்பாடு நின்றது.

அயல்நாட்டு அழைப்பு வரும்போது இவ்வளவுகோலைக் கையில் எடுத்துப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் மகிழ்ச்சியோடு சென்று வாருங்கள். இல்லையேல், வாரத்தில் இரண்டு மாலை போதும். கல்லூரி விட்டு ஊர் திரும்பும் வழியிலேயே ஒரு திண்ணை காலியாக இருக்கும்.